ஜிம்மியின் கண்ணில் நான் பார்க்காமல் விட்ட மூன்றாவது சுடர்

தம்பி,

நீ பம்பாய்க்கு ரயிலேறும்போது ஸ்டேஷனில் நான் எதையும் சொல்லப் போவதில்லை. எனக்கு அங்கே பேச்சு வராது. வந்தாலும், "சாப்பாட்டப் பாத்துக்க, சன்னல்ல கைய நீட்டாத" என்று நாலு வார்த்தை வரும், அம்புட்டுதான். ஆகவே இதை எழுதி உன் டிரங்குப் பெட்டியில் சட்டைகளுக்கு மேலே வைக்கிறேன். திண்டுக்கல் தாண்டிய பிறகு படி. அதற்குமுன் படித்தால் இறங்கித் திரும்பி வந்துவிடுவாயோ என்று ஒரு பயம். வந்தால் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

சாகக் கிடக்கிற கிழவன் மனம் இளகி எழுதுகிற கடிதம் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. படித்துக்கொண்டிருந்தபோதே உன்னைப் பெற்றவன் நான். பல்லும் முழங்காலும் நன்றாக இருக்கின்றன, கோபமும் குறையவில்லை. சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜிம்மியின் கண்ணை நீ கெடுக்கவில்லை. உன் கவட்டையிலிருந்து போன கல் அந்த நாயின் மேல் படவே இல்லை. பட்டிருந்தாலும் அந்தக் கண் போனதற்கு அது காரணம் இல்லை. அதைக் கெடுத்ததில் பாதி பிறவிக் கோளாறு, மீதி நான்.

பத்து வருஷம் கழித்து இதை ஒரு வரியில் எழுதினால் நீ நம்ப மாட்டாய் என்று எனக்குத் தெரியும். பிள்ளை ஊரைவிட்டுப் போகிறான், சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவோம் என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்வாய். அதனால் நாயின் கண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதப் போகிறேன். நீ கணக்கில் புலி. ஒவ்வொரு படியாகச் சரிபார்த்துக்கொண்டு வா. முடிவு தப்பென்றால் எனக்கு எழுது.

கண்ணுக்குள்ளே, கறுப்பாகத் தெரிகிற பாவைக்கு நேர் பின்னால், ஒரு வில்லை இருக்கிறது. லென்ஸ் என்போமே, அதுதான். பனங்கற்கண்டு அளவுகூட வராது. அதைச் சுற்றி வட்டமாக நூலிழைகள் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. அந்த வில்லைக்கு வரும் கோளாறு இரண்டே வகை. ஒன்று, வில்லை தன் இடத்திலேயே இருந்துகொண்டு வெளுத்துப் போவது. அதுதான் புரை. இன்னொன்று, வில்லை தெளிவாகவே இருக்க, பிடித்திருக்கும் இழைகள் அறுந்து அது இடம் விட்டு நழுவுவது. நம் சனங்களுக்குக் கண்ணில் எந்த வெள்ளை தெரிந்தாலும் ஒரே பெயர், ஒரே வைத்தியம். உசிலம்பட்டிப் பக்கம் போனால் புகையிலையை மென்று அந்தச் சாற்றை மாட்டின் கண்ணிலே துப்புவார்கள். நாய்க்கும் அதே. மாட்டு டாக்டரான நான் திட்டினால், "எங்கய்யா காலத்துலருந்து துப்புறோம், நீ என்னப்பா நேத்துப் படிச்சிட்டு வந்து" என்பார்கள். வெள்ளை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் கண்ணின் மேல்கண்ணாடியிலேயே வெள்ளை இருக்கிறதா, அல்லது உள்ளே தள்ளிப் பாவைக்குப் பின்னால் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மேலே இருந்தால் அது காயம் அல்லது புண். உள்ளே இருந்தால் வில்லையின் விவகாரம்.

உள்ளே என்றால் அடுத்தது மெழுகுவத்தி. பட்டப்பகலில் அறையை இருட்டாக்க வேண்டும். சன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் கம்பளியைத் தொங்கவிட்டு, நாயை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும். பாவை தானாக விரியும். அப்புறம் கண்ணுக்கு முன்னால் ஒரு சுடரைப் பிடித்தால் கண்ணுக்குள்ளே மூன்று சுடர் தெரியும். மேல்கண்ணாடியில் பளிச்சென்று ஒன்று, வில்லையின் முன்பக்கத்தில் சற்று மங்கலாக ஒன்று. இரண்டும் நேராக நிற்கும். மூன்றாவது வில்லையின் பின்பக்கத்திலிருந்து வருவது. அது சின்னது, தலைகீழாக இருக்கும். மெழுகுவத்தியை வலது பக்கம் நகர்த்தினால் அது மட்டும் இடது பக்கம் போகும். மூன்றும் தெளிவாக இருந்தால் வில்லை சுத்தம். மூன்றாவது மங்கிக் காணாமற்போனால் உள்ளே புரை. மூன்றும் இருந்து, பின்னால் உள்ள இரண்டும் நிற்காமல் நடுங்கினால், வில்லையின் கட்டு அறுந்துகொண்டிருக்கிறது. இதற்கு ஒரு காசு மெழுகுவத்தியும் கால் மணி நேரமும் போதும். பொறுமையும் வேண்டும். எனக்கு இல்லாதது அதுதான்.

இதைச் சரியாகச் செய்த நாட்களும் உண்டு. வண்டியூரிலிருந்து ஒரு குமாஸ்தா தன் கிழட்டு நாயைத் தெப்பக்குளத்தைச் சுற்றி நடத்தியே கொண்டுவந்தார். பதின்மூன்று வயது நாய். இரண்டு பாவையிலும் நீலம் பாய்ந்து கிடந்தது. "கண்ணு ரெண்டும் அவிஞ்சு போச்சு டாக்டர், இருந்து கஷ்டப்படுறதுக்கு ஒரு ஊசியப் போட்டு அனுப்பி வச்சிருங்க" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அறையை இருட்டாக்கிப் பார்த்தேன். மூன்று சுடரும் கல்லில் செதுக்கிய மாதிரி நின்றன. நமக்குத் தலை நரைக்கிற மாதிரி நாய்க்கு வில்லை இறுகி நீலம் பாயும். பார்வை போகாது. "உங்க நாய்க்கு உங்களவிட நல்லாக் கண்ணு தெரியுது. அது படிக்கட்டுல ஏறி வந்துச்சு, நீங்கதான் தடுக்கிட்டு வந்தீக. மொதல்ல உங்களுக்கு ஒரு கண்ணாடி மாட்டுங்க" என்றேன். மனுஷர் சிரித்துக்கொண்டு போனார். இன்னொரு நாய், நல்ல நடுவயது, ஒரு மாதத்தில் இரண்டு கண்ணும் பால் மாதிரி வெளுத்துவிட்டது. கண்ணைப் பார்ப்பதற்கு முன் நான் கேட்டது, எம்புட்டுத் தண்ணி குடிக்குது என்று. குடம் குடமாக என்றார்கள். அது நீரிழிவு. கண் வெளுத்தது அதன் அடையாளம் மட்டுமே. புரையைச் சொட்டுமருந்து விட்டுக் கரைக்கலாம் என்று எவன் சொன்னாலும் நம்பாதே. வெளுத்த வில்லையைக் கத்தியால்தான் எடுக்க முடியும், நாய்க்கு அது பாதிக்குப் பாதி தோற்கும். வலி இல்லாத குருட்டு நாய் வீட்டுக்குள் சந்தோஷமாக வாழும், கட்டிலையும் அண்டாவையும் இடம் மாற்றாமல் இருந்தால் போதும் என்று சொல்லி அனுப்புவேன். இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தவன் செய்த தப்பு என்பதால்தான் சொல்கிறேன்.

ஜிம்மி நம் வீட்டுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். உன் அம்மா பாடம் நடத்திய மிஷன் பள்ளிக்கூடத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போன டெரியர் நாய். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் காப்பிக்கொட்டை நிறம். முதல் நாளே உன் காலடியில் படுத்தது, அதற்குப்பிறகு வேறு இடத்தில் படுக்கவில்லை. உனக்குப் பத்து வயதாகும்போது அதற்கு ஐந்து வயது. அந்த வயதில்தான், அந்தச் சாதி நாய்க்கு, வில்லையின் இழைகள் தாமாகவே இற்றுப்போக ஆரம்பிக்கும். யாரும் அடிக்க வேண்டாம். பிறக்கும்போதே எழுதி வைத்த கோளாறு.

அன்றைக்கு நான் நான்கு நாள் அலைந்துவிட்டு வந்தேன். திருமங்கலம் தாண்டி மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டு, கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய் ஊசி போட்டுவிட்டு, பழங்காநத்தத்து வீட்டு வாசலில் உச்சிவெயிலில் வந்து இறங்கினேன். ஜிம்மி இடது கண்ணைக் காலால் தேய்த்துக்கொண்டு நின்றது. கண் சிவந்து நீர் வழிந்தது. நீ பக்கத்தில் நின்றாய். உன் அரைஞாண் கயிற்றில் கவட்டை தொங்கியது. நான் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை. ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நாயின் இமையை இழுத்துப் பார்த்தேன். வெயிலில் பாவை கடுகு மாதிரி சுருங்கிக் கிடந்தது, உள்ளே என்ன இருக்கிறதென்று எமனுக்குத்தான் தெரியும்.

"கவட்டய வச்சு அடிச்சியாடா?"

"இல்லப்பா. காக்காயத்தான் அடிச்சேன்."

"நாய் எங்க நின்னுச்சு?"

"தெரியலப்பா. மரத்துக்கிட்ட நின்னுச்சோ என்னமோ."

"தெரியலன்னா அடிச்சிருக்கன்னுதான் அர்த்தம்."

நம் வீட்டில் விசாரணை அவ்வளவில் முடிந்தது. உன் அம்மா வாசலுக்கு வந்து, "உள்ள கொண்டுபோயி இருட்டுல வச்சுப் பாருங்களேன், ஆஸ்பத்திரில அப்பிடித்தான பாப்பீக" என்றாள். "அடி பட்ட கண்ணுக்கு எதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம்? எனக்குப் பசிக்குது" என்றேன். நான் சொன்ன வார்த்தை அப்படியே இதுதான். மறக்கவில்லை.

அடிபட்டு அழற்சி கண்ட கண்ணுக்குப் பாவையை விரிக்கிற மருந்து விட வேண்டும். அட்ரோபின். வலி அடங்கும். புத்தகத்தில் அப்படித்தான், தப்பில்லை. ஆனால் கட்டு அறுந்து வில்லை ஆடிக்கொண்டிருக்கிற கண்ணுக்கு அந்த மருந்தை விடவே கூடாது. சுருங்கின பாவை என்பது சாத்திய கதவு. வில்லை அதற்குப் பின்னால் கிடக்கும்வரை பிழைப்பு உண்டு. அட்ரோபின் அந்தக் கதவை அகலத் திறந்துவிடும், வில்லை முன்னால் வந்து விழும், கண்ணுக்குள் ஊறுகிற நீர் வெளியே போக வழியில்லாமல் கண் கல்லாக இறுகும். மருந்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை விடச்சொல்லி உன்னிடம்தான் கொடுத்தேன். நீ ஒரு வேளை தவறவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானம் ஓடி வந்து விட்டுவிட்டு ஓடுவாய் என்று உன் அம்மா சொன்னாள். ஐந்தாம் நாள் ஜிம்மி சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. கண்ணை விரலால் அழுத்திப் பார்த்தேன், கோலிக்குண்டு மாதிரி இருந்தது. பாவைக்கு முன்னால் பிசின் துளி மாதிரி வில்லை உட்கார்ந்திருந்தது. அப்போதே புரிந்திருக்க வேண்டும். அடியால்தான் நழுவியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடியாலும் நழுவும், அது பொய்யில்லை. எனக்கு வசதியாகவும் இருந்தது.

குளோரோபாரம் கொடுத்து அந்தக் கண்ணை எடுத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது நீ ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்றாய். "அப்பா, என்னாலதானப்பா?" என்று கேட்டாய். "இனிமே கவட்டயத் தொடாத" என்றேன். அன்று சாயங்காலம் நீயே கவட்டையைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தாய். ரப்பர் எரிந்து வீடெல்லாம் நாறியது. உன் அம்மா உன்னைத் திட்டவில்லை. என்னைப் பார்த்தாள்.

இதுவரைக்கும் இருந்தால் அவசரக்காரன், தப்பாகப் பார்த்துவிட்டான் என்று விட்டுவிடலாம். எனக்கும் மன்னிப்பு உண்டு. இனிமேல் வருவதற்குத்தான் இல்லை.

ஏழு மாதம் கழித்து ஜிம்மியின் வலது கண் சிவந்தது. இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. மருந்தறையின் சன்னலைச் சாத்தினேன், கம்பளியைத் தொங்கவிட்டேன், கால் மணி நேரம் காத்திருந்து மெழுகுவத்தியைப் பிடித்தேன். மூன்று சுடரும் இருந்தன. முதல் சுடர் நின்றது. மற்ற இரண்டும் நடுங்கின. நாய் மூச்சுவிட்டால் நடுங்கின, நான் மூச்சுவிட்டால் நடுங்கின. பாவையைச் சுற்றியுள்ள பழுப்பு வளையமும் தொட்ட தண்ணீர் மாதிரி அதிர்ந்தது. அந்தக் கண்ணில் யாரும் எதையும் எறியவில்லை. கவட்டை எரிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு கண் அடியால் போகலாம். அடுத்த கண்ணும் அதே மாதிரி தானாகப் போகிறதென்றால் முதல் கண்ணும் தானாகப் போனதுதான். கணக்கு இவ்வளவு எளிது. கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. முதல் கண்ணில் இதே சுடரைப் பிடித்திருந்தால் அட்ரோபினைத் தொட்டிருக்க மாட்டேன்.

கதவுக்கு வெளியே நீ நின்றாய் என்று எனக்குத் தெரியும். கம்பளிக்கு அடியில் உன் பாதம் தெரிந்தது. மெழுகுவத்தியை ஊதி அணைத்தேன். வெளியே வந்து, "இந்தக் கண்ணுக்கும் வந்துருச்சு" என்றேன். நீ, "ஒரு கண்ணுல அடிச்சா இன்னொரு கண்ணுக்கும் போகுமாப்பா?" என்று கேட்டாய். நான், "சிலதுக்குப் போகும்" என்றேன்.

அது பொய், தம்பி. இந்த இடத்தில் அது பொய்.

பாவையைச் சுருக்கி வைக்கிற எசரின் மருந்தை விட்டு, வில்லையைப் பின்னாலேயே நிறுத்தி வைத்தோம். நாலு மாதம் தாங்கியது. முதல் கண்ணுக்கும் அந்த நாலு மாதத்தையாவது கொடுத்திருக்கலாம். பிறகு ஒரு நாள் அதுவும் முன்னால் வந்து விழுந்தது. கண்ணைக் கிழித்து வில்லையை எடுத்துப் பார்த்தேன். வில்லை வந்தது, அதோடு கண்ணின் உள்நீரும் வந்துவிட்டது. கண் வற்றிச் சுருங்கியது. வலி போயிற்று, வெளிச்சமும் போயிற்று.

அதற்குப் பிறகு நீ செய்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. வண்டிக்காரர் யாரிடமோ கேட்டு மாட்டுச் சலங்கை ஒன்றை வாங்கி வந்து உன் வலது காலில் கட்டிக்கொண்டாய். நீ நடந்தால் சத்தம் வரும், ஜிம்மி பின்னாலேயே வரும். பள்ளிக்கூடம் விட்டு நீ தெருமுனையில் திரும்பும்போதே அது வாசலில் எழுந்து நிற்கும். தெருவில் உன் கூட்டாளிகள், "என்ன மாப்ள, எப்ப சதிராட்டம்? நாங்களும் வாரோம்" என்று கத்துவார்கள். நீ திரும்பிப் பார்க்காமல் நடப்பாய். ஒரு தடவை மட்டும், "நாய்க்குக் கண்ணு நாந்தான, அப்ப நாந்தான் கட்டணும்" என்று சொல்லிக்கொண்டு போனது என் காதில் விழுந்தது. இரண்டு வருஷம். மழையில் சலங்கை களிம்பேறி உன் கணுக்காலில் புண் வந்தது, நான்தான் அதற்கு மருந்து போட்டேன். மருந்து போட உன் காலைக் கையில் வைத்திருந்த அந்த நேரத்திலும் சொல்லவில்லை.

வலது கண்ணில் கண்டதை உன் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவள் மூன்று தடவை கேட்டாள். முதல் தடவை சலங்கை கட்டிய வாரம். "புள்ளகிட்டச் சொல்லிருங்க. என்னால பாக்க முடியல" என்றாள். "நீயே சொல்லேன்" என்றேன். "நான் சொன்னா நம்புவானா? அம்மா மனசு கேக்காம சொல்றான்னு நெனப்பான். டாக்டர் நீங்க. நீங்க சொல்லித்தான அவன் மேல பழி வந்துச்சு, நீங்க சொன்னாத்தான் போகும்." இரண்டாம் தடவை, ஜிம்மியைக் கிணற்றடியில் புதைத்த அன்று. "நாயி போயிருச்சு, இனி மறந்துருவான், விடு" என்றேன். மூன்றாம் தடவை அவள் காய்ச்சலில் கிடந்தபோது. அப்போது அவளுக்குச் சத்தமாகப் பேச வரவில்லை. உன் பெயரைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினேன். சொல்கிறேன் என்று ஆட்டினேன். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். நான் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். உன்னைக் குற்றமில்லாதவன் என்று சொல்ல வேண்டுமானால், அடுத்த மூச்சிலேயே என்னைக் குற்றவாளி என்று சொல்ல வேண்டும். பத்து வயதுப் பையனுக்கு முன்னால், மருந்து விட்டது அவன் கை, எழுதிக் கொடுத்தது என் கை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அப்போது முப்பதுகூட இல்லை, இந்த ஜில்லாவில் என் மாதிரிப் படித்தவன் இல்லை என்ற நினைப்பு. அந்த நினைப்பின் கனத்தை உன் காலில் கட்டி நடக்க விட்டேன். இதைவிடக் கௌரவமான காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

இவ்வளவு நாள் கழித்து இப்போது ஏன் என்றால், அதற்கு ஒரு ஜட்கா வண்டிக்காரர்தான் காரணம். போன வாரம் ஒரு பஞ்சு வியாபாரி தன் டெரியர் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே வண்டிக்காரர் கனி பாய். நாயின் ஒரு கண் சிவந்து கலங்கியிருந்தது. வியாபாரி வந்ததும் வராததுமாக, "இவன் சாட்ட பட்டுத்தான் கண்ணு போச்சு டாக்டர். ஒரு சீட்டு எழுதுங்க, போலீசுல குடுத்து இவன உள்ள வைக்கணும்" என்றார். கனி பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அல்லா மேல ஆணையா நான் நாயி மேல சாட்ட வச்சதில்லீங்க. என் குதிர மேலயே வைக்கிறதில்ல. வச்சா அது என்னைய எறக்கி விட்டுட்டுத் தனியாப் போயிரும்" என்றார். வியாபாரி, "வாயப் பாருங்க" என்றார்.

நான் சன்னலைச் சாத்தினேன். மெழுகுவத்தியைக் கனி பாயையே பிடிக்கச் சொன்னேன். சிவந்த கண்ணில் வில்லை முன்னால் விழுந்து கிடந்தது. பிறகு நல்ல கண்ணைப் பார்த்தேன். மூன்று சுடர். இரண்டு நடுங்கின.

"ரெண்டு கண்ணுலயுமா சாட்ட பட்டுச்சு?" என்று வியாபாரியைக் கேட்டேன்.

"இல்லையே, இந்த ஒண்ணுலதான். அது நல்லாத்தான இருக்கு?"

"அதுவும் போகப் போகுது. ரெண்டும் தானாப் போகுது. இந்தச் சாதி நாய்க்கு வர்ற சீக்கு. இந்தாளு மேல ஒரு தப்பும் இல்ல. சீட்டுதான வேணும், அதையே எழுதித் தாரேன், கொண்டுபோயிக் குடுங்க."

வியாபாரி நம்பாமல் முணுமுணுத்தார். அடுத்த கண்ணையாவது கொஞ்ச காலம் காப்பாற்ற எசரின் கொடுத்து, எப்படி விட வேண்டும் என்று சொல்லி, ஒரு நாளும் அட்ரோபின் விடக் கூடாது என்று சீட்டில் இரண்டு கோடு போட்டு எழுதி அனுப்பினேன். கனி பாய் மட்டும் போகவில்லை. மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். மெழுகு விரலில் வழிந்தது, அவருக்கு உறைக்கவில்லை. "மூணு வாரமா அவுக சொல்லிச் சொல்லி, நாமதான் அடிச்சிட்டமோன்னு நானே நம்பிட்டேங்க. சாட்டயத் தொட்டா கை உதறுது. வண்டியே ஓட்டல" என்றார். அவருக்கு வயது அறுபது இருக்கும். அறுபது வயது ஆளுக்கு மூன்று வாரம் போதுமாக இருந்திருக்கிறது. உனக்கு வயது பத்து. அந்தப் பழியை உன்மேல் நான் விட்டுவைத்தது பத்து வருஷம்.

அன்று வீட்டுக்கு வந்து உன்னைப் பார்த்தேன். இத்தனை நாள் பார்க்காததை எல்லாம் பார்த்தேன். நீ எந்த வீட்டு நாயையும் தொடுவதில்லை. கண்ணாடித் தம்ளரை இரண்டு கையால் பிடிக்கிறாய். டாக்டருக்குப் படிக்க உனக்கு மார்க் இருந்தது. "என் கை அதுக்குச் சரிப்படாதுப்பா, பேனா போதும்" என்றாய், நான் உன்னைக் கோழை என்று திட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண் தன் பிள்ளையை, "கொஞ்ச நேரம் பிடிங்கண்ணே, தண்ணி எடுத்துட்டு வாரேன்" என்று நீட்டினபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். "வேணாம்மா, எங்கிட்ட வேணாம், எதாச்சும் ஆயிரும்" என்றாய். அவள் சிரித்துவிட்டுப் போனாள். எனக்கு மட்டும் அந்தச் சலங்கைச் சத்தம் கேட்டது.

பம்பாய் வேலையை விட்டுவிட்டு டாக்டருக்குப் படி என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலம் போய்விட்டது, அதைப் போக்கியது யார் என்றும் எழுதிவிட்டேன். என்னை மன்னி என்றும் கேட்கவில்லை. அது உன் விருப்பம், உன் நேரம். ஒன்று மட்டும் கேட்கிறேன். மேலே எழுதியதைத் திரும்ப ஒரு தடவை படி. ஏழு மாதம், எரிந்துபோன கவட்டை, நடுங்கின சுடர், நீயே கூட்டிப் பார். கூட்டிப் பார்த்து உனக்கே சரியென்று பட்டால் போதும்.

நீண்ட பிரயாணம். மூன்றாம் வகுப்பில் நெரிசலுக்குக் குறைவிருக்காது. யாராவது ஒரு தாய் மூட்டையையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஏற முடியாமல் நிற்பாள். "தம்பி, இவனச் செத்தப் பிடிங்க" என்று சன்னல் வழியாகப் பிள்ளையை நீட்டுவாள். கை நடுங்கினால் நடுங்கட்டும். வாங்கிக்கொள்.

அப்பா